ஒழுங்காகத் திருப்பி வைத்த புத்தகம்

குடியிருப்பில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் ஓட்டுபவர் அல்ல, பழுது பார்ப்பவர். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி ஏறியவர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்போதே அவர் மனைவிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. பொதுவாகவே சொல்வதில்லை.

எந்த மெஷின் வந்தாலும் அதோடு ஒரு கையேடு வரும். அதைப் படித்துவிட்டுத்தான் அவர் கை வைப்பார். மனைவி கையேடு இல்லாமல் வந்திருந்தார். அதனால் நேராகக் கிளை நூலகத்துக்குப் போயிருக்கிறார். நான் முதன்முதலாக அவர் வீட்டுக்கு வேலைக்குப் போன அன்று, அதைப் பற்றித்தான் புலம்பினார்.

"நூறு வயசு வாழறது எப்படின்னு அடுக்கு முழுக்கப் புத்தகம் இருக்கு சிஸ்டர். சர்க்கரைக்காரங்க சமையல் இருக்கு, யோகா இருக்கு. ஒரு ஆளைக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்தறது எப்படின்னு ஒண்ணுகூட இல்ல."

"நான் நர்ஸ் இல்ல. சிஸ்டர்னு கூப்பிட வேணாம்."

"சரிங்க சிஸ்டர்."

கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டார்.

நோயாளிகளை வீட்டில் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள் நான். ஏஜென்சி மூலம் காலையில் சில மணி நேரம் போவேன். முதல் நாள் போனபோது அந்த அம்மாவின் வலது தோள் வீங்கியிருந்தது. இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கியிருக்கிறார். எல்லா வீட்டிலும் எல்லோரும் செய்கிற தப்புதான். செயலிழந்த தோளில் சதை பிடித்துக்கொள்ளாது, மூட்டு விலகிவிடும். இடுப்பில் பட்டி கட்டி, முழங்காலுக்கு முழங்கால் முட்டுக்கொடுத்து, நம் எடையைப் பின்னால் சாய்த்தால் அவர்கள் எடை தானாக எழும். ஒரு முறை செய்து காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அட, இது எதிர் எடைதானே! லிஃப்ட் ஏறறதே இப்படித்தான். மோட்டார் தூக்குதுன்னு நினைக்கிறோம். பாதியைத் தூக்கறது அந்தப் பக்கம் தொங்கற இரும்பு."

"அப்ப நீங்க இரும்பா இருங்க," என்றேன். கட்டிலில் இருந்த அம்மா, "சரி," என்றார்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே வார்த்தை அது. பசித்தாலும் வலித்தாலும் கோபம் வந்தாலும் 'சரி'தான். எந்தச் 'சரி' என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது.

அந்த வருடங்களில்தான் எழுதினார். எழுத்தாளராகும் ஆசை எதுவும் இல்லை. கட்டிலின் உயரம் பராமரிப்பவரின் இடுப்பு அளவுக்கு இருக்க வேண்டும். புண் வரக்கூடிய இடங்கள் எவை, அங்கே தோல் முதலில் எப்படி நிறம் மாறும். விழுங்கத் திணறுபவருக்குத் தண்ணீரை எவ்வளவு கெட்டியாக்கித் தர வேண்டும். நாற்காலியை எந்தக் கோணத்தில் வைத்துப் பிரேக் போட வேண்டும். இப்படி. படங்களும் அவரே போட்டார். மனிதர்கள் பெட்டி பெட்டியாகத்தான் இருப்பார்கள். ஆனால் எந்தக் கை எங்கே இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமே வராது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் மனைவிக்குப் படித்துக் காட்டினார். 'சரி' என்று வந்தால் அடுத்தது. சில நேரம் வேறு மாதிரிச் 'சரி' வரும். அப்போது கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுவார்.

மகள் பக்கத்துத் தெருவில் இருந்தாள். வரும்போதெல்லாம் அப்பாவை ஒரு வாங்கு வாங்காமல் போகமாட்டாள். "அம்மாவைப் பாத்துக்கறதே பெரிய பாடு. இதுல அதைப் பத்தி ஒரு புத்தகம் வேற. யாருப்பா படிக்கப் போறா?"

"அன்னைக்கு நான் தேடிட்டு வந்தேன் பாரு, அந்த மாதிரி எவனாவது தேடுவான்."

"தேடட்டும். உங்களுக்கென்ன?"

"அவன் தேடறப்ப அது அந்த அடுக்குல இருக்கணும். அவ்வளவுதான்."

இதுதான் அவருடைய ஆசை. புத்தகம் விற்க வேண்டும் என்பதல்ல, பெயர் வர வேண்டும் என்பதல்ல. தான் வெறுங்கையோடு திரும்பிய அந்த அடுக்கில், தான் இல்லாத காலத்திலும் அது இருக்க வேண்டும்.

மனைவி இறந்த பிறகு ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்து அச்சடித்தார். 'படுத்திருப்பவரும் பார்த்துக்கொள்பவரும்' என்று பெயர். புத்தகங்கள் கட்டுக் கட்டாக வந்து கட்டிலுக்கு அடியில் அடைந்தன. மகள் பார்த்துவிட்டு, "அம்மா இருந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சு," என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் நூலகப் படலம். நான் அப்போது வேறு வீட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் வீடு வழியில் இருந்ததால் திரும்பும்போது எட்டிப் பார்ப்பேன். அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்வார்.

முதலில் ஒரு பை நிறையப் பிரதிகளைத் தலைமை நூலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். வரவேற்பில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நன்கொடைப் பெட்டியைக் காட்டினார். போட்டுவிட்டு மகிழ்ச்சியாக வந்தார். அடுத்த முறை போனால், வாசலில் பழைய புத்தகம் விற்கும் மேசையில் அவருடைய புத்தகங்கள் கிடக்கின்றன. நன்கொடைப் பெட்டி என்பது நூலகத்துக்குள் போகும் வழி அல்ல, வெளியே போகும் வழி என்று அன்றைக்குத் தெரிந்தது. அவற்றைத் தானே வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அடுத்து, புத்தகத்துக்கு முதுகு இல்லை என்றார்கள். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம். அடுக்கில் செருகினால் பெயரே தெரியாது. பின்னட்டையில் கோடு கோடாகப் போடும் ஐ.எஸ்.பி.என். எண்ணும் இல்லை. எண்ணுக்கு விண்ணப்பித்து வாங்கி, படங்களைப் பெரிதாக்கிப் பக்கங்களைக் கூட்டி, பசை போட்டு ஒட்டி, முதுகில் பெயரோடு மறுபடி அச்சடித்தார். பழைய கட்டுகளோடு புதிய கட்டுகளும் சேர்ந்தன.

முதுகு வந்த பிறகு, நாங்கள் நேரடியாக எழுத்தாளரிடம் வாங்குவதில்லை, விநியோகஸ்தர் மூலம்தான் என்றார்கள். விநியோகஸ்தர் கேட்ட முதல் கேள்வி, "உங்க பதிப்பகத்துல வேற என்ன புத்தகம் இருக்கு?"

"வேற எதுவும் இல்லைங்க. இது ஒண்ணுதான்."

"ஒரே ஒரு புத்தகம் போட்ட பதிப்பகமா? ஒரே ஒரு இட்ட..." என்று ஏதோ சொல்ல வந்து அந்த ஆள் நிறுத்திக்கொண்டாராம். என்ன சொல்ல வந்தார் என்று லிஃப்ட்காரர் ரொம்ப நாள் யோசித்தார். "ஒரே ஒரு இட்டலி வெச்சிருக்கற ஓட்டல்னு சொல்ல வந்திருப்பானோ?" என்று என்னிடம் கேட்டார்.

"சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன. வாங்கினானா?"

"இல்ல."

"அப்ப விடுங்க."

அவர் விடவில்லை. தான் முதலில் போன கிளை நூலகத்துக்கே மறுபடி போனார். அங்கே இருந்த நூலகர் அம்மாதான் உருப்படியாக ஒன்று சொன்னார். "சார், எழுதினவர் வந்து கேட்டா எங்க கை கட்டிப்போட்ட மாதிரி. படிக்கிறவங்க வந்து கேட்டாத்தான் எங்களால வாங்க முடியும். உறுப்பினர் நாலு பேர் இந்தப் புத்தகம் வேணும்னு கேக்கட்டும். மேல எழுதிப் போட்டு வாங்கிடறேன்."

இது எனக்கும் தெரியாத விஷயம். என்னோடு வேலை செய்த பெண்களில் நூலக அட்டை வைத்திருந்தவர்களைப் போகச் சொன்னேன். அட்டை இல்லாதவர்கள் புதிதாக அட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டார்கள். பிசியோதெரபிக்குக் காத்திருக்கும் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் லிஃப்ட்காரரே போய்ப் பேசினார். ஒருவழியாக ஒரு பிரதி வாங்கினார்கள். ஒன்றே ஒன்று. முதலில் அதை உள்ளூர் எழுத்தாளர்கள் அடுக்கில், கவிதைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்கள். அவர் போய் நின்றுகொண்டு, "அம்மா, மனைவிக்குக் கை கால் விழுந்தவன் கவிதையிலயா வந்து தேடுவான்?" என்று கேட்டு, உடல்நல அடுக்குக்கு மாற்ற வைத்தார். சர்க்கரைக்காரர் சமையலுக்கும் யோகாவுக்கும் நடுவில். அன்று முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு என் வேலை இடத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவருக்கு அந்த அடுக்குதான் வேலை. காலையில் நூலகம் திறந்ததும் போய்விடுவார். புத்தகம் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த அடுக்கு தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியில் செய்தித்தாளோடு உட்காருவார். யாராவது அதை எடுத்து மேசையில் வைத்துப் படித்தால், படிக்கட்டும் என்று தொந்தரவு செய்யாமல் இருப்பார். அவர்கள் எழுந்து போனதும் போய் எடுத்து, மடங்கிய ஓரத்தை நிமிர்த்தி, அடுக்கில் அதன் இடத்தில் சரியாகத் திருப்பி வைப்பார். ஸ்பேனரைக் கழுவித் துடைத்து அதன் குழியில் வைக்கிற பழக்கம். எடுத்த பொருள் எடுத்த இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு நாள் அவரைப் பார்க்க நான் அங்கே போயிருந்தேன். ஒரு பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கவுண்டர் பக்கம் நடந்தாள். இவர் செய்தித்தாளைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார்.

"அம்மா, வீட்டுக்கா எடுத்துட்டுப் போறீங்க?"

"ஆமாங்க. மாமனார் படுத்த படுக்கையா இருக்கார்."

"நீங்க எடுத்துட்டுப் போயிட்டா, நாளைக்கு வேற ஒருத்தர் வந்து தேடினா என்ன பண்ணுவாரு? இது ஒரு பிரதிதான் இருக்கு. நாளைக்கு இதே நேரம் வாங்க, நான் உங்களுக்குன்னே ஒண்ணு தரேன். காசு வேணாம். உங்களுக்கே வெச்சுக்கலாம், திருப்பித் தர வேணாம்."

"நீங்க யாரு?"

"எழுதினவன்."

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சொந்தமாகக் கிடைக்கிறதை யார் வேண்டாம் என்பார்கள்? புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் வந்து ஒரு பிரதியை வாங்கிக்கொண்டாளாம். இப்படித்தான் எல்லோரிடமும். கேட்டவர்களுக்கெல்லாம் வீட்டுப் பிரதி. அடுக்கில் இருந்த பிரதி மட்டும் அசையவில்லை. எனக்கும் என்னோடு வேலை செய்தவர்களுக்கும் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தார்: "நம்ம ஆளுங்க யாரும் அதை எடுத்துராதீங்க. தேவைப்படறவன் வர்றப்ப அடுக்கு காலியா இருக்கக் கூடாது."

இப்படிச் சில வருடங்கள். பிறகு ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை செய்து வைத்தார்கள், சரியாகக் கூடவில்லை. அதற்குமேல் நுரையீரலிலும் கோளாறு. கட்டிலோடு கட்டிலானார். மகள் என்னைத் தேடி வந்தாள்.

"நான் வேலையை விட்டாச்சும்மா. எனக்கும் வயசாகுது."

"நீங்க வரலைன்னா வேற யாரையும் கட்டிலுக்குப் பக்கத்துல விடமாட்டேங்கறாரு. எல்லாரும் தப்பாத் தூக்கறாங்களாம்."

போனேன். உண்மையிலேயே தப்பாகத்தான் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மருமகன் அவர் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். கட்டில் தாழ்வு; குனிந்து குனிந்து மகளுக்கு முதுகு போய்விட்டது. புத்தகம் வீடு நிறைய இருந்தது. வீட்டில் யாரும் படிக்கவில்லை. லிஃப்ட்காரர் படுத்தபடியே அளவு சொன்னார். நாங்கள் மீதமிருந்த புத்தகங்களை நான்கு சமமான கட்டுகளாக இறுக்கிக் கட்டி, மேலே பலகை போட்டு, கட்டில் கால்களை அவற்றின்மேல் நிறுத்தினோம். கட்டில் என் இடுப்பு உயரத்துக்கு வந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறபடி.

"பாத்தீங்களா சிஸ்டர், எங்க புத்தகத்தைத் தூக்க ஆளில்லன்னு சொன்னாங்க. இப்ப புத்தகம் என்னைத் தூக்குது."

"பேசாம மூச்சை இழுத்து விடுங்க."

ஆனால் பேசிக்கொண்டேதான் இருந்தார். எல்லாம் ஒரே பேச்சு. தான் இல்லாமல் புத்தகம் அங்கே எப்படி இருக்கிறது? யாராவது தலைகீழாகச் செருகிவிட்டார்களா? தடித்த சமையல் புத்தகத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டார்களா? "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருங்களேன்," என்று காலையும் மாலையும் கேட்டார். உடம்பு துடைக்கும்போது கேட்டார். வாயில் மாத்திரையை வைத்துக்கொண்டு கேட்டார். தாங்க முடியாமல் ஒரு நாள் போனேன்.

உடல்நல அடுக்கில் புத்தகம் இல்லை. சமையலும் யோகாவும் ஒட்டிக்கொண்டு நின்றன. யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லது என்றுகூடத் தோன்றியது. பிறகு திரும்பும் வழியில், வாசலுக்குப் பக்கத்தில் கழித்த புத்தகங்களை வைக்கும் தள்ளுவண்டியில் அந்த முதுகைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை. நாலு பேர் கேட்டதும் வாங்கிப் போட்ட அந்த நூலகர் அம்மா இன்னும் அங்கேதான் இருந்தார். கையில் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "என்ன பண்றது சொல்லுங்க. வருஷா வருஷம் கணக்கு எடுக்கறாங்க. தொடர்ந்து யாருமே எடுத்துட்டுப் போகாத புத்தகத்தைக் கழிக்கணும்னு விதி. மெஷின்லயே பட்டியல் வந்துடுது. இதுக்கு ஒரு தடவைகூட இரவல் பதிவு இல்ல."

"எத்தனை பேர் இங்க உக்காந்து படிச்சாங்க, நானே பாத்திருக்கேன்."

"படிச்சாங்க. ஆனா பாருங்க." சுவரைக் காட்டினார். அங்கே பெரிய எழுத்தில் ஒரு பலகை. படித்த புத்தகத்தை அடுக்கில் திருப்பி வைக்க வேண்டாம், மேசையிலேயே விட்டுச் செல்லவும் என்று இருந்தது. பல நூலகங்களில் இருக்கும். நானும் பார்த்திருக்கிறேன். இடம் மாற்றி வைத்துவிடுவார்கள் என்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"சாயங்காலம் மேசையில கிடக்கறதை எல்லாம் ஸ்கேன் பண்ணித்தான் அடுக்குவோம். அப்பத்தான் அது உள்ளேயே படிச்ச கணக்குல ஏறும். இவரு ஒரு தடவைகூட அதை மேசையில விட்டுவெச்சதில்லை. அவ்வளவு சுத்தம். எடுத்துட்டுப் போக வந்தவங்களையும் திருப்பி அனுப்பிட்டு வீட்லேர்ந்து குடுத்துட்டார். அவங்கள்ல வருஷத்துக்கு ஒருத்தர் அட்டையில எடுத்திருந்தாக்கூட இது பட்டியல்ல வந்திருக்காது."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவர் அதைப் பாத்துக்கறார்னு தெரியும்மா. கணக்கே ஏறலைன்னு பட்டியல் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அப்ப அவரு வர்றதே நின்னு போச்சு."

"மறுபடி நாலு பேர் கேட்டா?"

தலையை ஆட்டினார். கழித்த தலைப்பை அதே கிளைக்கு மறுபடி வாங்கக் கூடாதாம். கேட்டு வாங்கும் வழியையும் எடுத்துவிட்டார்களாம். இனி எல்லாம் மேலிருந்து, விநியோகஸ்தர் மூலம் மட்டும்.

தள்ளுவண்டியில் இருந்ததற்குக் கேட்ட சில்லறையைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

வழியில் யோசித்தேன். பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அவர் இனி அங்கே போகப் போவதில்லை. ஆனால் நோயாளியிடம் ஒரு முறை பொய் சொல்லிவிட்டால், அடுத்து வலிக்காது என்று நாம் சொல்லும்போது நம்ப மாட்டார். தவிர, அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"இல்லையா?"

"இல்ல." புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். நடந்ததை அப்படியே சொன்னேன். பலகையையும் சொன்னேன்.

முத்திரையைப் பார்த்தார். அதற்கு எதிர்ப் பக்கத்தில் திருப்பித் தர வேண்டிய தேதி குத்தும் தாள் ஒட்டியிருந்தது. கட்டம் கட்டமாக வெள்ளையாக இருந்தது. பிறகு உள்ளே புரட்டினார். மூன்றாம் அத்தியாயம், ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பது. அந்தப் பக்கங்களின் ஓரம் மட்டும் கறுத்து, தொட்டுத் தொட்டுத் துணி போல ஆகியிருந்தது. ஒரு படத்தின்மேல் விரல் அழுக்கு.

"படிச்சிருக்காங்க சிஸ்டர்."

"படிச்சிருக்காங்க. கணக்குல இல்ல."

"அந்தப் போர்டை நான் தினம் பாத்தேன். சோம்பேறிங்களுக்குப் போட்டிருக்குன்னு நினைச்சேன்."

 வெந்நீர் வைக்கப் போனேன். திரும்பி வந்தபோது புத்தகம் மார்பின்மேல் கிடந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒருத்தன் அங்க வந்து தேடினா?"

"கிடைக்காது."

"யோகா புத்தகம்தான் கிடைக்கும்."

"ஆமா."

புத்தகத்தை மார்பிலிருந்து பக்கத்தில் தள்ளினார். பிறகு, "கட்டிலுக்கு அடியில இருக்கறதை எல்லாம் எடுத்துப் பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டுருங்க. பாக்கவே பிடிக்கல," என்றார்.

"உங்களுக்கு எங்க தெரியுது அது? எனக்குத்தான் தெரியுது. அதை எடுத்தா கட்டில் தாழ்ந்துடும், என் இடுப்பு என்ன ஆறது? நீங்க இருக்கற வரைக்கும் அது அங்கதான் இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க பொண்ணு பாடு."

மகள் என்ன செய்வாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

புரட்ட வேண்டிய நேரமாகிவிட்டது. புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, என் எடையைப் பின்னால் சாய்த்து இடப்பக்கம் திருப்பினேன். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகால் படுக்கையில் படாமல் பார்த்துக்கொண்டேன். இடுப்பெலும்புக்கு மேலே தோல் லேசாகச் சிவந்திருந்தது.

"சரியா இருக்கா?" என்றேன்.

"சரி," என்றார்.